1,000 லிட்டர் பவளத்தொட்டி: வடிகட்டும் அமைப்பை எப்படித் திட்டமிடுவது, எப்படிப் பராமரிப்பது?

நீலத்திரை:

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறேன். மென்பவளங்களும் சில மீன்களும் அதில் நலமாக இருக்கின்றன. இப்போது 180 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் 75 செ.மீ. உயரமும் கொண்ட, ஏறத்தாழ 1,000 லிட்டர் பிடிக்கும் தொட்டி ஒன்றை அமைக்க முனைந்திருக்கிறேன். கல்பவளங்களை வளர்ப்பதே நோக்கம். தொட்டிக்குக் கீழே 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள சம்ப் (வடிகட்டும் கருவிகளை வைக்கும் கீழ்த்தொட்டி) வரும். அதில் நீர் 24 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி தடுப்புகளை வரைந்து வைத்திருக்கிறேன்.

சிறிய தொட்டியில் வாரம் ஒருமுறை 20 லிட்டர் நீரை மாற்றியதே என் தவறுகள் பலவற்றைச் சரிசெய்துவிட்டது. பெரிய தொட்டியில் அந்த வழி எளிதாக இராது என்பதால், கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன். மேலிருந்து நீர் இறங்க ஒரே ஒரு பெரிய குழாய், நீரை மேலே ஏற்ற ஒரு ரிட்டர்ன் பம்ப், துகள்களைத் தடுக்கும் நான்கு ஃபில்டர் சாக்குகள், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர், பாசி வளர்க்க ஓர் அறை என்பது இப்போதைய திட்டம். ரிட்டர்ன் குழாயின் வாய்கள் பார்வைக்குத் தெரியக்கூடாது என்பதால் நீர்மட்டத்துக்கு 12 செ.மீ. கீழே வைக்க எண்ணியிருக்கிறேன். இதில் எதை மாற்ற வேண்டும்?

கடலாடி:

வணக்கம் நண்பரே. கண்ணாடி ஒட்டுவதற்கு முன்பே கேட்டது மிக நல்லது. ஸ்கிம்மர், பாசி ஆகியவற்றைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த 12 செ.மீ. என்பதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

மின்சாரம் நின்றதும் ரிட்டர்ன் குழாய் தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும். அதன் வாய் காற்றைத் தொடும் வரை மேல்தொட்டியின் நீர் சம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் 1 செ.மீ. நீர் என்பது 13.5 லிட்டர், 12 செ.மீ. என்றால் 162 லிட்டர். உங்கள் சம்பில் 1 செ.மீ. என்பது 7.2 லிட்டர், 24 செ.மீ.க்கு மேல் மீதமிருக்கும் 21 செ.மீ. இடத்தில் 151 லிட்டர்தான் அடங்கும். குழாய்களிலும், மேல்தொட்டியில் நீர் வழிந்து இறங்கும் வழிவுப் பெட்டியிலும் ஸ்கிம்மரின் உடலிலும் நிற்கும் நீரும் இதோடு சேர்ந்து இறங்கும். ஆகவே முதல் மின்தடையிலேயே வீட்டுத் தரையில் கடல்நீர் ஓடும். வாய்களை 3 செ.மீ. ஆழத்துக்குக் கொண்டுவந்தால் இறங்கும் நீர் ஏறத்தாழ 40 லிட்டராகக் குறையும். மற்றவற்றையும் சேர்த்தாலும் சம்ப் தாங்கும். ஒருவழி வால்வு போட்டுவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு சிறிய நத்தையோ சுண்ணாம்புப் படிவோ அந்த வால்வின் நாவைத் திறந்தபடியே நிறுத்திவிடும் என்பதால், அதை நம்பி அளவைக் கணக்கிட வேண்டாம். நீர் இறங்குவதை நிறுத்துவதற்காகக் குழாயில் இடும் காற்றுத் துளைக்கும் இதுவே பொருந்தும்; அது பாசியால் அடைபடும்.

அடுத்தது, நீர் இறங்கும் வழி. ஒரே குழாய் என்பது பெரிய தொட்டிக்குப் போதாது. மூன்று குழாய்கள் வையுங்கள். முதலாவது முழுவதும் நீர் நிரம்பி, காற்று கலக்காமல் சைஃபனாக (உறிஞ்சுகுழாய்போல்) ஓடும். அதில் ஒரு கேட் வால்வு பொருத்தி அளவைச் சரிசெய்ய வேண்டும். பால் வால்வில் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. இரண்டாவது குழாயில் மெல்லிய ஓடைபோலச் சிறிதளவு நீர் மட்டுமே இறங்கும். அன்றாட ஏற்ற இறக்கங்களை அது ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது எப்போதும் வறண்டிருக்கும்; முதல் இரண்டும் அடைபட்டால் மட்டுமே அதில் நீர் விழும். மூன்றாவது குழாயில் நீர் விழும் ஓசையைக் கேட்டால் அன்றே ஏதோ அடைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று அறியலாம். இந்த ஏற்பாட்டின் இன்னொரு நன்மை அமைதி. காற்றும் நீரும் கலந்து இறங்கும் ஒற்றைக் குழாயின் களகளப்பை நள்ளிரவில் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சம்ப் வழியாக மணிக்கு எவ்வளவு நீர் செல்ல வேண்டும் என்பதில் பலர் மிகையாகச் செலவிடுகிறார்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். உங்களுக்கு 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பவளங்களுக்குத் தேவையான வலுவான நீரோட்டத்தைத் தொட்டிக்குள் இருக்கும் அலைப் பம்புகளே தர வேண்டும். ரிட்டர்ன் பம்பை வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்க்காமல், உங்கள் குழாயின் உயரத்துக்கும் வளைவுகளுக்கும் அது எவ்வளவு தருகிறது என்ற வரைபடத்தைப் பாருங்கள். முடிந்தால் ஒரு பெரிய பம்புக்குப் பதில் இரண்டு சிறிய பம்புகளை வையுங்கள். ஒன்று நின்றாலும் மற்றொன்று வெப்பத்தையும் உயிர்வளியையும் காப்பாற்றும்.

உவர்நீர்:

கடலாடி ஐயா நீரின் பாதையை விளக்கிவிட்டார். நான் உயிர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

வடிகட்டி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கருவிகளை நினைக்கிறோம். பவளத்தொட்டியின் முதன்மையான வடிகட்டி பாறைதான். மீன் வெளியிடும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையின் மேற்பரப்பில் வாழ்கின்றன. உயிர்வளி எட்டாத உட்துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. 1961ஆம் ஆண்டிலேயே இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர் காற்றுக் குமிழிகளையும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்த்த முறையை எழுதியிருந்தார். 1980களில் பிளாஸ்டிக் உருண்டைகள் நிறைந்த சொட்டு வடிகட்டிகள் பரவின. அவை அம்மோனியாவை மிக விரைவாக நைட்ரேட்டாக்கின. ஆனால் எங்கும் உயிர்வளி நிறைந்திருந்ததால் அதற்கு மேல் செல்லவில்லை. உருண்டைகளுக்கிடையே கழிவும் தங்கியது. பலரும் அவற்றைக் கைவிட்டு, பாறையும் வலுவான ஸ்கிம்மரும் கொண்ட, பெர்லின் முறை எனப்படும் வழிக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

ஆகவே பாறையை அடுக்கும்போது சுவர்போல் அடுக்காமல், நீர் எல்லாப் பக்கமும் சென்று வரும்படி குகைகளும் இடைவெளிகளும் விடுங்கள். பாறைக்குப் பின்னால் கழிவு படியும் மூலை ஒன்று இருந்தால், அது எந்த ஸ்கிம்மராலும் சரிசெய்ய முடியாத மூலையாகிவிடும்.

உலர்ந்த பாறையை வாங்குவதாக இருந்தால், அது பழைய தொட்டியிலிருந்து வந்ததா என்று விசாரியுங்கள். சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். நீரில் பாஸ்பேட் குறையும்போது திரும்ப விட்டுவிடும். பழைய பாறையைத் தூய நீரில் சில வாரங்கள் ஊறவைத்து, அந்த நீரைச் சோதித்துப் பார்த்துப் பயன்படுத்துவது நல்லது. ஒரு கடுமையான எச்சரிக்கையும் உண்டு: உயிருள்ள பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். பாலித்தோவா, ஜோவாந்தஸ் வகைப் பவளப்பூக்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும்; ஆவியோடு கலந்து அது குடும்பத்தினர் அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியது. அவற்றைத் தேய்த்து அகற்றும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

முதல் வாரங்களில் அம்மோனியாவைக் கூர்ந்து கவனியுங்கள். நன்னீர்த் தொட்டியில் பி.எச். 7 என்ற அளவில் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். கடல்நீரின் 8.2 அளவில் அந்தப் பங்கு பல மடங்கு உயர்ந்துவிடும். நைட்ரைட்டைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, நைட்ரைட் மீனின் செவுள் வழியே நுழைவதைப் பெரிதும் தடுக்கிறது.

ஆழிமகள்:

நண்பர்கள் இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. அலமாரிக்குள் 60 செ.மீ. அகலச் சம்பை வைத்த பிறகு, அதன் பின்பக்கத் தடுப்பை உங்கள் கை எட்டுமா? ஸ்கிம்மரின் கோப்பையை மேலே தூக்கிக் கழற்ற, சம்பின் விளிம்புக்கும் அலமாரியின் கூரைக்கும் இடையே போதிய உயரம் இருக்கிறதா? ஸ்கிம்மரின் பம்பைக் கழற்ற முழுக் கருவியையும் வெளியே எடுக்க வேண்டியிருக்குமா? கை எட்டாத இடத்தை நாம் முதல் மாதம் மட்டுமே சுத்தம் செய்வோம். பதினான்கு ஆண்டுகளாகப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நான் இதை என் முதல் சம்பில்தான் கற்றேன். அதை ஒரு சென்டிமீட்டர்கூட வீணாகாமல் அடைத்து வைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டு முடிவில் ஸ்கிம்மருக்குப் பின்னால் கறுப்பு வண்டல் நான்கு விரல் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. நைட்ரேட் ஏன் இறங்கவில்லை என்று நான் மாதக்கணக்கில் பாறையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனவே அட்டைப் பெட்டிகளை வெட்டி, கருவிகளின் அளவில் செய்து அலமாரிக்குள் வைத்துப் பாருங்கள். முழங்காலிட்டு அமர்ந்து, ஒவ்வொன்றையும் எடுத்து வெளியே வைத்துத் திரும்ப வையுங்கள். ஓர் இணைப்பைக் கழற்ற முடியவில்லை என்றால் அங்கே ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) வேண்டும் என்று பொருள்.

நான்கு ஃபில்டர் சாக்குகள் என்று எழுதியிருக்கிறீர்கள். 200 மைக்ரான் (0.2 மி.மீ.) துளையுள்ள சாக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால்தான். சாக்கு தடுத்து வைத்த உணவுத் துணுக்கும் மீன் கழிவும் நீரோட்டத்துக்குள்ளேயேதான் இருக்கின்றன. நீரிலிருந்து அவை நீங்கிவிடவில்லை. ஒரு வாரம் விட்டால் அங்கேயே அழுகி நைட்ரேட்டாகிறது. அடைபட்ட சாக்கின் மேல் நீர் வழிந்து ஓடும்போது வடிகட்டலும் இல்லை. உங்களால் மூன்று நாளுக்கு ஒருமுறை முடியாது என்றால் சாக்கே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கடலாடி:

ஆழிமகள் அம்மா சொன்னதில் சாக்கு பற்றிய பகுதியில் மட்டும் மாறுபடுகிறேன். சாக்கே இல்லாமல் கல்பவளத் தொட்டி நடத்தினால் நுண்துகள்கள் நீரில் மிதந்து, ஒளி பாறையின் அடிவரை செல்வதைக் குறைக்கும். சம்பின் தரையில் வண்டலும் படியும். தானாகச் சுருளும் துணிச்சுருள் வடிகட்டியை நீலத்திரை பரிசீலிக்கலாம். நீர்மட்டம் உயர்ந்ததும் அது அழுக்கான துணியைச் சுருட்டிக்கொண்டு புதிய துணியை நீட்டும். அழுகுவதற்கு முன்பே கழிவு நீருக்கு வெளியே போய்விடுகிறது. சுருள் தீர்ந்துபோகும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அதிக வேலை இல்லை.

ஆழிமகள்:

ஏற்கிறேன். நான் மறுத்தது தடுத்து நிறுத்திய கழிவை அங்கேயே விட்டு வைப்பதைத்தான். துணிச்சுருளுக்கு இடம் இருக்கிறது என்றால் அதுவே நல்லது. ஆனால் அதோடு ஸ்கிம்மரின் கோப்பை மெலிதாகவே நிறையத் தொடங்கும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். ஸ்கிம்மர் பழுதானது என்று எண்ணிவிடக்கூடாது. அதற்கு வரும் உணவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிப்பி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 600 லிட்டர் தொட்டி இருக்கிறது. நைட்ரேட் 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) காட்டுகிறது. வாரந்தோறும் தவறாமல் 10 சதவீத நீரை மாற்றுகிறேன். ஓராண்டாகியும் எண் அசையவில்லை. உப்பில்தான் குறையா?

உவர்நீர்:

உப்பில் குறையில்லை; கணக்கு அப்படித்தான் வரும். ஒரு வாரத்தில் உங்கள் தொட்டியில் 4 பி.பி.எம். நைட்ரேட் கூடுகிறது என்று கொள்வோம். 40 இருக்கும்போது பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 4 நீங்கி 36 ஆகும். அடுத்த வாரத்துக்குள் மீண்டும் 4 சேர்ந்து 40 ஆகிவிடும். நீங்கள் நீக்குவதும் புதிதாகச் சேர்வதும் சரியாக ஒத்துப்போகும் இடத்தில் தொட்டி நின்றுவிட்டது. வாரச் சேர்க்கை 2 ஆக இருந்தால் அது 20இல் நிற்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது சேர்க்கையைக் குறைப்பது, அல்லது இடைவிடாமல் நீக்கும் ஒரு வழியைச் சேர்ப்பது. ஒரு ஸ்கிம்மரோ பாசி அறையோ அந்த வாரச் சேர்க்கையில் பாதியை எடுத்துக்கொண்டால், அதே 10 சதவீத மாற்றத்தோடு உங்கள் எண் பல வாரங்களில் 20ஐ நோக்கி இறங்கிவிடும். அதற்காக நீர் மாற்றத்தை நிறுத்திவிடாதீர்கள். நைட்ரேட்டைத் தவிர நாம் அளக்காத பல பொருள்களையும் அது சரிப்படுத்துகிறது.

கடலாடி:

ஸ்கிம்மரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நீலத்திரை. அது ஏன் கடல்நீரில் மட்டும் வேலை செய்கிறது என்பதை அறிந்தால் அதைச் சீராக வைப்பது எளிது. உப்புநீரில் நுண்குமிழிகள் ஒன்றோடொன்று இணையாமல் நெடுநேரம் தங்கும். நீரில் கரைந்திருக்கும் புரதம், கொழுப்பு போன்ற மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை நீரை விலக்கும். விலக்கும் முனை காற்றைத் தேடிக் குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. நுரை கழுத்தில் ஏறும்போது நீர் வடிந்து, கழிவு செறிந்து கோப்பையில் விழுகிறது. அழுகி அம்மோனியாவாவதற்கு முன்பே நீக்குகிறது என்பதே அதன் பெருமை. ஆனால் அது எல்லாவற்றையும் நீக்கிவிடாது. அளந்து பார்த்தபோது, நீரிலுள்ள கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தையே ஸ்கிம்மர்கள் எடுத்தன. ஆகவே மிகப் பெரிய ஸ்கிம்மரைத் தேடி ஓடுவதைவிட, உங்கள் மீன்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஒன்றை நிலையான நீர்மட்டத்தில் வைப்பதே முக்கியம்.

நிலையான நீர்மட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆவியாவதால் குறையும் நீர், சம்பில் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில் மட்டுமே குறைய வேண்டும். ஸ்கிம்மர் இருக்கும் அறையின் மட்டத்தைத் தடுப்புச் சுவரின் உயரம் தீர்மானிக்க வேண்டும். தானாக நீர் நிரப்பும் கருவியின் உணரியைக் கடைசி அறையில் வையுங்கள்.

இதில் எனக்கு நேர்ந்ததையும் எழுதுகிறேன். ஒரு மாலை பவளம் ஒன்றை ஒட்டுவதற்கு எபாக்சி பசையைப் பயன்படுத்தினேன். அந்தப் பசை ஸ்கிம்மரைத் தாறுமாறாக நுரைக்கச் செய்யும் என்பது தெரியும்; ஆனால் அன்று அதை அணைக்க மறந்துவிட்டேன். கோப்பையின் கழிவுக் குழாயை வசதிக்காக வடிகாலில் இணைத்திருந்தேன். இரவு முழுவதும் ஸ்கிம்மர் உப்புநீரை வடிகாலில் கொட்ட, குறைந்த நீரை நிரப்பும் கருவி நன்னீரை ஊற்றிக்கொண்டே இருந்தது. காலையில் 40 லிட்டர் நன்னீர்க் கொள்கலன் காலியாக இருந்தது. ஏறத்தாழ 1,000 லிட்டர் நீருள்ள அமைப்பில் உப்பின் அளவு (ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில்) 35இலிருந்து 33.6க்கு இறங்கியிருந்தது. கொள்கலன் அதைவிடப் பெரியதாக இருந்திருந்தால் பவளங்களை இழந்திருப்பேன். அதன் பிறகு ஸ்கிம்மரின் கழிவை மூடிய கொள்கலனில்தான் விடுகிறேன். கொள்கலன் நிறைந்ததும் ஸ்கிம்மரை நிறுத்தும் மிதவை ஒன்றும் அதில் இருக்கிறது. நன்னீர்க் கொள்கலனை, முழுவதும் ஒரே நேரத்தில் கொட்டினாலும் தொட்டி தாங்கும் அளவிலேயே வைத்திருக்கிறேன்.

நீலத்திரை:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டைப் பெட்டிச் சோதனையைச் செய்தேன். ஸ்கிம்மரின் கோப்பையை எடுக்க 6 செ.மீ. இடம் போதவில்லை. அலமாரியின் உயரத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். ரிட்டர்ன் வாய்கள் 3 செ.மீ. ஆழத்துக்கு வந்துவிட்டன. நான்கு சாக்குகளுக்குப் பதிலாகத் துணிச்சுருள். பாசி அறையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஆக்டிவேட்டட் கார்பன், பாஸ்பேட் நீக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள் ஆகியவையும் தொடக்கத்திலிருந்தே வேண்டுமா?

ஆழிமகள்:

பாசி அறை நல்லது. கீட்டோமார்ஃபா என்னும், கம்பிச்சுருள்போல் பந்தாக வளரும் பாசியைத் தேர்ந்தெடுங்கள். காலெர்பா வகைகள் சில வேளைகளில் ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்காகத் தம்மையே கரைத்து நீரைப் பால்போலாக்கிவிடும். அதுவரை அவை உறிஞ்சியதெல்லாம் நீருக்கே திரும்பிவிடும். பாசி அறையின் விளக்கை, மேல்தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு எரியவிடுங்கள். இரவில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளியிடுவதால் பி.எச். இறங்கும், பாசி அந்நேரத்தில் ஒளிச்சேர்க்கை செய்து அந்த இறக்கத்தைக் குறைக்கும். பாசியைக் கைப்பிடி அளவில் அவ்வப்போது எடுத்து எறிந்தால்தான் அது வடிகட்டி. எடுக்காமல் நெருக்கி வளரவிட்டால் உட்பகுதி ஒளியின்றி அழுகும்.

கார்பனை மாதம் ஒருமுறை சிறிதளவு பயன்படுத்துங்கள். தூசி போகும் வரை ஆர்.ஓ. நீரில் கழுவிய பின்பே அமைப்புக்குள் வைக்க வேண்டும். நீரின் மஞ்சள் நிறத்தை அது நீக்கும். பவளங்கள் ஒன்றையொன்று தாக்க வெளியிடும் வேதிப்பொருள்களையும் குறைக்கும். இரும்பு ஆக்சைடை இப்போது வாங்கவே வேண்டாம். பாஸ்பேட்டைச் சோதித்து, தேவை தெரிந்த பிறகு பார்க்கலாம்.

ஊற்றும் நீரைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை. குழாய் நீரில் வரும் பாஸ்பேட்டையும் சிலிக்கேட்டையும் தாமிரத்தையும் பிறகு சம்பில் நீக்கப் பாடுபடுவதைவிட, ஆர்.ஓ. சவ்வும் அதன் பின் அயனி நீக்கும் ரெசினும் கொண்டு தொடக்கத்திலேயே தடுப்பது எளிது. டி.டி.எஸ். அளவி (கரைந்த உப்புகளைக் காட்டும் கருவி) 0 காட்ட வேண்டும். ஆர்.ஓ. நின்று மீண்டும் தொடங்கும்போது முதலில் வரும் சில லிட்டர்களில் உப்புகள் மிகுந்திருக்கும். அதை ரெசினுக்குள் விடாமல் வெளியேற்றினால் ரெசின் நெடுநாள் உழைக்கும். ரெசின் தீரும் தறுவாயில் சிலிக்கேட் முதலில் கசியும். அளவி பெரும்பாலும் அதைக் காட்டாது. அளவி 0 காட்டும்போதே கண்ணாடியில் பழுப்புப் படலம் கூடினால் ரெசினை ஐயப்படுங்கள். இந்த நீர்ப்பாதையில் எங்கும் பித்தளை இணைப்பு இருக்கக்கூடாது. மீனுக்கு மருந்தாகும் தாமிரம் முதுகெலும்பில்லா உயிர்களுக்கு நஞ்சு.

பராமரிப்பில் என் வழக்கத்தைக் கேட்டால், வாரம் ஒருமுறை ஸ்கிம்மரின் கழுத்தைத் துடைக்கிறேன். கழுத்தில் கொழுப்புப் படிந்தால் நுரை ஏறாது. கோப்பை நிறையாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். காற்று நுழையும் சிறு துளையில் உப்பு படியும் என்பதால் மாதம் ஒருமுறை வெந்நீரை அதன் வழியே உறிஞ்ச வைப்பேன். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை எல்லாப் பம்புகளையும் கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலில் சில மணி நேரம் ஓடவிட்டு, சுண்ணாம்பு கரைந்ததும் நன்றாகக் கழுவிப் பொருத்துகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய மாட்டேன். இந்த வாரம் ரிட்டர்ன் பம்ப் என்றால் சம்பின் வண்டலை அடுத்த வாரம் உறிஞ்சுவேன். நுண்ணுயிர்களுக்கும் ஓய்வு வேண்டும்.

உவர்நீர்:

மின்தடையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 25 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் உயிர்வளியையே வைத்திருக்கும்; நன்னீரில் அது 8.2 வரை இருக்கும். பம்புகள் நின்றால் முதலில் தீர்வது இதுதான். வெப்பம் குறைவதோ நைட்ரேட் கூடுவதோ பிறகுதான். மின்கலத்தில் ஓடும் ஓர் அலைப் பம்பை நீர்மட்டத்துக்கு அருகில், பரப்பைக் கலக்கும்படி பொருத்தி வையுங்கள். மின்தடையில் ஸ்கிம்மரை ஓட்ட முயல வேண்டாம்.

நீலத்திரை:

எட்டு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தொட்டி ஓடுகிறது. வடிகட்டலில் எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்றாவது குழாயில் ஒருமுறைகூட நீர் விழவில்லை. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று இரண்டு மாதங்களாகக் காட்டுகிறது. அதில் நான் மிகவும் மகிழ்ந்திருந்தேன். ஆனால் இப்போது மணல்மேல் பழுப்பு நிறக் கோழைபோல் ஒரு படலம் பரவுகிறது. அதில் குமிழிகள் ஒட்டியிருக்கின்றன. விளக்கு அணைந்ததும் குறைகிறது, மறுநாள் மதியம் திரும்பி வருகிறது. நத்தைகள் சில இறந்துவிட்டன. கல்பவளங்களின் நிறமும் வெளிறுகிறது. நீரை இன்னும் தூய்மையாக்க, பாஸ்பேட் மணிகளைச் சேர்க்கலாமா?

உவர்நீர்:

தயவுசெய்து சேர்க்காதீர்கள். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் ஒருசெல் உயிர்கள். ஒரு துளியை எளிய நுண்ணோக்கியில் பாருங்கள். தம்மைத்தாமே சுற்றிக்கொண்டு நகரும் உருவங்கள் தெரிந்தால் ஐயமில்லை. மற்ற நுண்ணுயிர்களும் பாசிகளும் உணவின்றித் தளரும்போது விட்டுப்போன இடத்தை இவை பிடித்துக்கொள்கின்றன. உங்கள் துணிச்சுருளும் ஸ்கிம்மரும் பாசி அறையும் சேர்ந்து, இந்த இளம் தொட்டியின் மீன்கள் தருவதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் பவளங்கள் வெளிறுவதும் பசியால்தான்.

துணிச்சுருளை ஒரு மாதத்துக்கு நிறுத்துங்கள். பாசி அறையின் விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரமாகக் குறையுங்கள். மீன்களுக்கு உணவைச் சற்றுக் கூட்டுங்கள். நைட்ரேட்டை 5 பி.பி.எம். அருகிலும் பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 வரையிலும் கொண்டுவந்து நிறுத்துவதே இலக்கு. நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் சோதனையில் இவ்வளவு சிறிய பாஸ்பேட் அளவு தெரியாது; எண்ணாகக் காட்டும் ஒளிமானியை வாங்குங்கள். தொடக்கத்தில் நீங்கள் பாஸ்பேட்டைக் கூட்டக் கூட்டப் பாறை அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரம் எண் அசையாவிட்டாலும் தளர வேண்டாம். இந்நாள்களில் நீர் மாற்றத்தையும் நிறுத்தி வைப்பது நல்லது. நத்தைகள் இறப்பதால் கார்பனை மட்டும் தொடர்ந்து வைத்திருங்கள். டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் சில நஞ்சை வெளியிடும்.

கடலாடி:

உவர்நீர் சொல்வதோடு உடன்படுகிறேன். நாங்கள் அனைவரும் நீக்கும் வழிகளை மட்டுமே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தவறினோம். அதற்காக வருந்துகிறேன். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே குறைக்கும்படி இணைத்திருக்கிறீர்கள் என்பதால் இதைச் சரிசெய்வது உங்களுக்குக் கடினமாக இராது.

நீலத்திரை:

பத்து வாரங்கள் கடந்துவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்தபோது உவர்நீர் சொன்னபடியே இருந்தது. முதல் பன்னிரண்டு நாள்கள் பாஸ்பேட் எண் 0.01ஐத் தாண்டவில்லை, பிறகு மெல்ல ஏறி இப்போது 0.07இல் நிற்கிறது. நைட்ரேட் 6. நான்காம் வாரத்தில் பழுப்புப் படலத்தின் இடத்தில் பச்சைப் பாசி வந்தது. அதை மேய்ந்த நத்தைகள் உயிரோடிருக்கின்றன. மணல் இப்போது வெண்மையாக இருக்கிறது. துணிச்சுருளை மூன்று நாள்களுக்கு முன்பு மீண்டும் பொருத்தினேன். பாசி விளக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் உயர்த்தவில்லை. இடது மூலையில் இருக்கும் அக்ரோபோரா என்னும் கல்பவளத்தின் கிளை நுனிகளில் நேற்று முதல்முறையாக நீல நிறம் தெரிந்தது.